பேச்சி எழுதிய ‘அல்லது’

சென்னையில் மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்த நேரத்தில் ஜெகநாதன் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. சிவகாசியில் நான் முன்பு வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியின் முதலாளி அவர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர எனக்குப் போன் செய்யாதவர்.  எடுத்ததும், “சுந்தரு, நம்ம பேச்சி போயிருச்சுய்யா” என்றார்.

ஆமத்தூர் விலக்கில், இடது பக்கச் சாலையிலிருந்து வந்து ஏறிய லாரி அவள் ஸ்கூட்டரை அடித்துத் தள்ளியிருக்கிறது. பின்சக்கரம் இடுப்பின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. “ஹாரன அடிச்சுக்கிட்டேதான் வந்தேன், அந்தம்மா திரும்பியே பாக்கலைன்னு டிரைவர் சத்தியம் பண்ணுதான்யா” என்றார் அண்ணாச்சி. அந்த டிரைவர் பொய் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கம்பெனியில் என்னோடு புரோகிராம் எழுதிய பேச்சியம்மாளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவளோடு வேலை பார்த்தவர்கள், அவளிடம் வசவு வாங்கியவர்கள், அவள் வீசி எறிந்த பொருள் மேலே பட்டுக் காயப்பட்டவர்கள் எல்லாரும் இதைப் படிக்கக்கூடும். இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. கடைசிவரை அவள் என்னை ‘ஏலே’ என்றுதான் கூப்பிட்டாள். அவர் என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல இருந்தது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் யாராவது அவளைச் சாந்தமான பெண் என்று பேசினால் தயவுசெய்து நம்பாதீர்கள். நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகக் கோபம் கொண்டவள் அவள்தான்.

அந்தக் கோபத்தை முதன்முதலில் பார்த்தது நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில். எங்கள் அலுவலகம் ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே டம்ளரில் இருக்கும் தண்ணீர் நடுங்கும். அச்சகங்களுக்கு பில் போடும் புரோகிராமும், பட்டாசுக் கம்பெனிகளுக்குச் சரக்கு இருப்பு பார்க்கும் புரோகிராமும் எழுதி விற்றோம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை, வெடிமருந்துக் குடோனுக்கு ஒரு புரோகிராம் கேட்டிருந்தது. எந்த நேரத்தில் கலவை அறைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கலாம், எந்த நேரத்தில் கூடாது என்று திரையில் சொல்ல வேண்டும். அண்ணாச்சியே உட்கார்ந்து எழுதியிருந்தார். ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும் அல்லது அறை காலியாக இருக்க வேண்டும். எப்படி இருந்தாலும் மின்னல் இருக்கக்கூடாது. இதுதான் அவர் எழுத நினைத்தது.

பேச்சி சோதித்துப் பார்த்தாள். ஆட்கள் குறைவு என்று கொடுத்தாள். மின்னல் உண்டு என்று கொடுத்தாள். ‘தரலாம்’ என்று வந்தது.

அவள் எழுந்து நின்றாள். கீபோர்டைப் பிடுங்கி, ஒயரோடு சேர்த்துச் சுவரில் அடித்தாள். எழுத்துக் கட்டைகள் தெறித்து விழுந்தன. ஒன்று அண்ணாச்சியின் கண்ணாடியில் பட்டுக் கீறல் விழுந்தது.

“என்னம்மா” என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

“வார்த்தைய வார்த்தையோட ஒட்டவச்சு நிபந்தனை எழுதியிருக்கீக அண்ணாச்சி. நடுவுல ஒரு அடைப்புக்குறிய விட்டுட்டீக. ‘அல்லது’வையும், ‘இதுவும் அதுவும்’ங்கற ‘உம்’மையும் ஒரே வரியில பாத்தா கம்ப்யூட்டர் ‘உம்’மைத்தான் முதல்ல சேக்கும். மின்னல் இருக்கக்கூடாதுங்கறது காலி அறைக்கு மட்டும்னு அது நினைச்சுக்கிடுது. உள்ள ஆள் இருக்கறப்ப, வானம் வெட்டுனாலும் மருந்தைக் குடுன்னு சொல்லுது. நீங்க விட்ட ஒரு குறிக்கு அங்கன ஆள் சாவான்.”

சொல்லிவிட்டு இடது கையை மேஜையில் வைத்தாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒன்றாக உருகி ஒட்டியிருந்தன. சின்ன வயதில், விடுமுறை நாளில் அம்மாவோடு பட்டாசு வேலைக்குப் போன இடத்தில் பிடித்த தீ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய தங்கை அன்றே இறந்துபோனாள். இதை அவள் சொல்லவில்லை. அண்ணாச்சிதான் பிறகு சொன்னார். அவளாக அதைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒருமுறை. “அவ சத்தம் போடவே இல்லலே. முடி எரியற சத்தம்தான் கேட்டுச்சு” என்றாள். 

உடைந்த கீபோர்டுக்குப் பதில் புதிது வந்த அன்றே அவள் அந்த லைப்ரரியை எழுத ஆரம்பித்தாள். பல புரோகிராம்களும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி எழுதி வைக்கும் பொதுத் தொகுப்பை எங்கள் தொழிலில் லைப்ரரி என்போம். அவளுடையதில் நிபந்தனையை எழுத்தாக ஒட்ட வேண்டியதே இல்லை. ‘மின்னல் இல்லை’ என்பது தனியாக ஒரு பொருள். ‘ஆட்கள் குறைவு’ என்பது இன்னொன்று. இரண்டையும் ‘உம்’மிடமோ ‘அல்லது’விடமோ கொடுத்தால் அது சேர்த்துக் கட்டிப் புதிதாக ஒன்றைத் திருப்பித் தரும். அந்தப் புதியதை மறுபடி வேறொன்றோடு சேர்க்கலாம். எது எதோடு சேர்ந்தது என்பது கட்டும்போதே முடிவாகிவிடும். அடைப்புக்குறி என்ற ஒன்றே கிடையாது. ஆகவே அதை மறக்கவும் வழியில்லை. அதற்கு ‘முடிச்சு’ என்று பெயர் வைத்தாள்.

இதைப்போல அப்போதே வெளியூர்க்காரர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் முடிச்சில் வேறு ஒன்று இருந்தது. அது வெறுமனே ஆம், இல்லை என்று பதில் சொல்லி நிறுத்தாது. இல்லையென்றால் எதனால் இல்லை என்று, தான் கட்டப்பட்ட வழியிலேயே திரும்ப இறங்கிப் போய்ப் பார்த்து, தமிழில் சொல்லும். திரையில் தமிழ் எழுத்து கொண்டுவருவதே அந்தக் காலத்தில் பெரும்பாடு. கீழே அச்சகத்தில் காலண்டருக்கு எழுத்துக் கோக்கிறவரிடம் ஒரு எழுத்துரு வாங்கி வந்து, அதோடு மல்லுக்கட்டி, திட்டித் திட்டியே வரவைத்தாள். “முடியும்னா முடியும்னு சொல்லட்டும். முடியாட்டி எதனாலன்னு சொல்லணும். வாசல்ல நிக்கற பொம்பளைக்குப் புரியணும்” என்பாள்.

அந்த ‘எதனால்’ எனக்குக் குழப்பமாக இருந்தது. டீக்கடையில் விளக்கினாள். “டீயும் வடையும் வேணும்னு கேட்டேன். நான் கேட்டது கிடைக்கலை. அப்படின்னா என்ன அர்த்தம்?”

“டீயும் இல்லை, வடையும் இல்லை.”

என் பின்மண்டையில் ஒரு அடி விழுந்தது. “டீ இல்லாம இருக்கலாம், இல்லாட்டி வடை இல்லாம இருக்கலாம். ஒண்ணு குறைஞ்சாலும் நான் கேட்டது கிடைக்கலைதானல? இல்லைங்கறத உள்ள தள்ளுனா ‘உம்’ ‘அல்லது’வா மாறிரும், ‘அல்லது’ ‘உம்’மா மாறிரும். இதுகூடத் தெரியாம உன்ன எவம்லே பாஸ் போட்டான்?” கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

குடோனில் புரோகிராம் ஓடத் தொடங்கியது. முந்தின நாள் மீந்த கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் என்பதால், அது அறையில் இருக்கக்கூடாது என்பதையும் பேச்சி அதில் சேர்த்திருந்தாள். சில மாதம் பிரச்சினை இல்லை. பிறகு தீபாவளி சீசன் வந்தது. அந்தத் தொழிற்சாலையின் மேனேஜர் தர்மராஜ் ஒருநாள் மாடியேறி வந்தான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

“இன்னொரு வரி சேக்கணும்” என்றான். “இப்ப இருக்கற நிபந்தனையெல்லாம் சரியா இருக்கணும், இல்லாட்டி மேனேஜர் உத்தரவு இருக்கணும். அம்புட்டுத்தான்.”

“அந்த ‘இல்லாட்டி’ வந்துட்டா முன்னாடி இருக்கற அம்புட்டும் சும்மா சார்” என்றாள் பேச்சி. “நீங்க பட்டனை அமுக்குனா போதும். மின்னல் வெட்டுதா, ரூம்ல ஆள் நெரிசலா, எதையும் பாக்க வேண்டியதே இல்லாமப் போயிரும்.”

“பாக்க வேண்டாம்னுதான சொல்லுதேன். லோடு நிக்கி. ஆர்டர் நிக்கி. உன் மெஷினு காலையில இருந்து கூடாது கூடாதுங்குது.”

“கூடாதுன்னா கூடாதுதான். உங்களுக்கு ஆமாம் போடறதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? ஒரு மணியக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிக்கோங்க.”

அவன் அறைந்தான். சத்தம் கேட்டுக் கீழிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் பேச்சி செருப்பைக் கழற்றி அவன் வாயிலும் கழுத்திலும் மாறி மாறி அடித்துவிட்டாள். நானும் அண்ணாச்சியும் அவளை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்த என் கையில் கடித்தாள். உதடு கிழிந்து இறங்கிப் போன தர்மராஜ், படியில் நின்று அண்ணாச்சியைப் பார்த்து, “அந்த வரி வரலைன்னா இந்த ஊர்ல ஒரு கம்பெனியும் உங்ககிட்ட வராது” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெறும் மிரட்டல் இல்லை அது. அடுத்தடுத்து இரண்டு தொழிற்சாலைகள் பேச்சை முறித்துக்கொண்டன. அண்ணாச்சி அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, “இந்த ஆபீஸ மூடிட்டு நான் எங்கன போவேன் தாயி” என்றார். அவர் கண் கலங்கியதை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

பேச்சி கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு, “கேட்டதத்தான செய்யணும்? செய்யுதேன் அண்ணாச்சி” என்றாள்.

முடிச்சில் அது ஒரே வரி வேலை. ஏற்கெனவே கட்டி வைத்த முழு நிபந்தனையை எடுத்து, ‘அல்லது’ போட்டு, ‘மேலாளர் உத்தரவு’ என்பதோடு சேர்த்தாள். கூடவே, இல்லை என்பதற்கு மட்டுமில்லாமல் ஆம் என்பதற்கும் காரணம் சொல்லும்படி லைப்ரரியை மாற்றினாள். எங்களுக்குக் காட்டினாள். ‘தரலாம்’ என்று பெரிதாக வந்தது. அதன் கீழே: ‘காரணம்: மேலாளர் உத்தரவு மட்டும். நிறைவேறாதவை: நேற்றைய மீதக் கலவை அகற்றப்படவில்லை. அறையில் ஆட்கள் அதிகம்.’

அண்ணாச்சி படித்துவிட்டு மெதுவாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் செய்த தந்திரம் எங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிறகு நடந்தவற்றில் குடோனில் நடந்த பகுதி, அங்கே பொறுப்பாளராக இருந்த கடற்கரை என்பவர் எனக்குச் சொன்னது. தர்மராஜ் பட்டனை அமுக்கிய முதல் காலையில், ஜன்னலுக்கு வெளியே மருந்து வாங்க வந்து நின்ற பெண்கள் திரையைப் பார்த்தார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தி சத்தமாக வாசித்தாள். மீதக் கலவை உள்ளேயே இருக்கிறது என்பதைக் கேட்டதும் ஒரு பெண் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். “உத்தரவு போட்டவரே உள்ள போயி உக்காந்து கலக்கட்டும்” என்றாள். பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாசலைத் தாண்டிப் போய் உடைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தர்மராஜ் நாற்காலியைத் தூக்கித் திரையை நொறுக்கினான். தடுக்கப் போன கடற்கரையின் மூக்கில் குத்தினான். முன்பே திரையைப் பார்த்துவிட்டுப் போயிருந்த ஆண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, தான் திரும்பி வருவதற்குள் கலவை தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்குப் புறப்பட்டான்.

மாடிக் கதவு உதைத்துத் திறக்கப்பட்டதும் முதலில் உடைந்தது என் முன்னால் இருந்த மானிட்டர். இரும்புக் கம்பியால் ஒரே அடி. கண்ணாடித் தூள் என் மடியில் கொட்டியது. எழுந்திருப்பதற்குள் அதே கம்பி என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. அண்ணாச்சியை ஒருவன் சுவரோடு சேர்த்து நெட்டி நிறுத்தியிருந்தான். தர்மராஜ் பேச்சியின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான்.

“காரணம் காட்டற வேலைய எடு.”

“மாட்டேன்.”

அவள் தலையை இரும்பு அலமாரியில் மோதினான். இடது பக்கம் மோதியது. “எடு.”

“மாட்டேன்.”

மறுபடி மோதினான். அவள் கையை வீசி அவன் கண்ணைத் தோண்டப் பார்த்தாள். அவள் காதிலிருந்து ரத்தம் வழிந்து தாடையில் இறங்கியது. நான் தரையில் கிடந்தேன். கத்தினேனா என்று நினைவில்லை. மூன்றாவது முறை மோதுவதற்கு அவன் அவள் தலையைப் பின்னால் இழுத்தபோது அவன் சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

முடியை விடாமலே எடுத்துப் பேசினான். “ஆங்” என்றான். “எந்த ரூமு” என்றான். பிறகு அவன் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. பேச்சி அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  அவன் முகத்தைப் பார்த்ததுமே, கலவை அறை வெடித்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வண்டிய எடுங்க” என்றாள்.

அவன் அசையாமல் நின்றான். அவள் துப்பட்டாவைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள். “வண்டிய எடுய்யா.”

அவளை அடித்தவர்களோடு, அதே ஜீப்பில், அவள் போனாள். அண்ணாச்சி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதனால் நான் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. கடற்கரை பார்த்தார். கலவை அறை இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது என்றார். ஒருவருடைய உடலைத் துண்டு துண்டாகத் தேட வேண்டியிருந்தது. இன்னொருவர் மாடசாமி. சுவர் அவர்மேல் விழுந்திருந்தது. சூடான கற்களை வெறும் கையால் புரட்டி அவரை வெளியே இழுத்தவர்களில் பேச்சியும் ஒருத்தி. ஜீப்பில் அவர் தலை அவள் மடியில் இருந்தது. வண்டியை ஓட்டியது தர்மராஜ். வழி முழுக்க மாடசாமி தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தார். ஊர் எல்லைக்கு வந்தபோது கேட்பது நின்றுவிட்டது.

உடைமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவர்கள் பேச்சியைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். “ஒன்னாலதான் தாயி நாங்க இருக்கோம்” என்றார்கள். அவள் கையை உருவிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், தோளில் கட்டோடு நானும் அவளும் மாடசாமியின் வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சி வேண்டாம் என்று தடுத்தும் போனோம். மாடசாமியின் மனைவி செல்வி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வந்திருப்பது இன்னார் என்று யாரோ சொன்னார்கள். செல்வி எழுந்து நேராக வந்து பேச்சியின் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். நான் குறுக்கே போனபோது பேச்சி என்னைக் கையால் தள்ளிவிட்டாள்.

“தரலாம்னு எழுதுனது நீதான?” என்று கேட்டாள் செல்வி.

“கீழ காரணமும்…” என்று நான் ஆரம்பித்தேன்.

“எங்க வீட்டாளு எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரு. மேல பெருசா இருந்தத மட்டும் படிச்சிருப்பாரு. மெஷினே தரலாம்னு சொல்லிருச்சுன்னு உள்ள போயிருப்பாரு. ஏன் அப்படி எழுதுன?”

  செல்வி பேச்சியின் நெஞ்சில் குத்தினாள்; முடியைப் பிடித்தாள்; கைகள் ஓய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். திருப்பி அடிக்காத பேச்சியை அன்றுதான் பார்த்தேன். அவளும் தரையில், செல்விக்கு எதிரே உட்கார்ந்தாள். வெயில் இறங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: “நான் கெட்டிக்காரத்தனம் பண்ணுனேம்லே. முடியாதுன்னு சொல்ல வேண்டிய இடத்துல தந்திரம் பண்ணுனேன்.” அந்தத் தந்திரத்தால் எத்தனை பெண்கள் பிழைத்தார்கள் என்று சொன்னேன். “அதச் செல்விகிட்டப் போய்ச் சொல்லு” என்றாள்.

ஒன்றை இங்கே நான் சொல்ல வேண்டும். நிபந்தனை சரியாகத்தான் கணக்கிடப்பட்டது. ‘தரலாம்’ என்று வந்ததும் கட்டியபடிதான் வந்தது. லைப்ரரியில் பிழை இல்லை. அப்படி ஒரு வரியை அதில் சேர்க்க முடிந்ததுதான் பிழை என்று அவள் முடிவு செய்தாள். அதன் பிறகு முடிச்சின் உள்ளே ஒரு சோதனையை வைத்தாள். ஒரு மனிதனின் உத்தரவை யாராவது ‘அல்லது’வின் ஒரு பக்கத்தில் வைத்துக் கட்டப் போனால் லைப்ரரி கட்டவே மறுத்துவிடும். ‘உம்’மோடு சேர்க்கலாம்: எல்லாம் சரியாக இருக்க வேண்டும், மேனேஜரும் சம்மதிக்க வேண்டும். ஆனால் மற்றவற்றுக்குப் பதிலாக மேனேஜரின் வாய்ச்சொல் மட்டும் போதும் என்று கட்ட வழியில்லை. “ஆள் பேரு நிபந்தனைக்கு மாத்தாகாது” என்று அந்த இடத்தில் தமிழிலேயே ஒரு குறிப்பு எழுதினாள்.

இதை ஏற்றுக்கொண்டால்தான் புரோகிராம் தருவோம் என்று அண்ணாச்சி மற்றத் தொழிற்சாலைகளிடம் சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஒருவரும் வரவில்லை. காலண்டர் அச்சகங்களை வைத்து ஓட்டினோம். வெகுநாள் கழித்து ஒருவர் வந்தார், அப்புறம் இன்னொருவர். பேச்சிக்காக அல்ல, அவர்கள் பக்கத்திலும் அறைகள் வெடித்திருந்தன. தர்மராஜ் கைதாகி, ஜாமீனில் வந்து, வேறு ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் எங்களை அடித்ததற்கான வழக்கு தனியாக நடக்கிறது. பேச்சி ஒரு வாய்தாவைக்கூட விட்டதில்லை. கோர்ட் வராந்தாவில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கை செருப்பைத் தேடும். நான்தான் உட்கார வைப்பேன்.

அலமாரியில் மோதியதில் அவளுடைய இடது காது போய்விட்டது. மதுரையில் காட்டினோம். சவ்வு மட்டுமில்லை, உள்ளேயும் சேதம், திரும்ப வராது என்றார்கள். அதன் பிறகு அவளோடு பேசுகிறவர்கள் வலது பக்கமாக உட்காரப் பழகிக்கொண்டோம். ஸ்கூட்டரை விட்டுவிடு என்று எத்தனையோ பேர் சொன்னோம். “ஒரு காது போதும்லே, உங்க பேச்சக் கேக்கறதுக்கு” என்பாள். ஆமத்தூர் விலக்கில் அந்த லாரி வந்தது இடது பக்கமிருந்து. ஹாரன் அடித்ததாக டிரைவர் சொல்வது உண்மைதான். போலீஸ் எழுதிய காரணம் கவனக்குறைவு. அதைக் கேட்டபோது எனக்கு அந்த இரும்பு அலமாரிதான் கண்ணில் தெரிந்தது. அவளைக் கொன்றவன் அந்த டிரைவர் அல்ல. சில வருடம் பொறுத்து விழுந்த அடி அது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவள் அம்மா ஆவுடையம்மாள் அழவில்லை. வந்தவர்களையெல்லாம் வைதுகொண்டிருந்தாள். “என் பிள்ளைய ரெண்டு தடவை கொன்னீகளேய்யா” என்று யாரையென்று இல்லாமல் மண்ணை வாரி இறைத்தாள். வேன் வேனாகப் பெண்கள் வந்தார்கள். கையில் மருந்துக் கறையைக் கழுவாமல் அப்படியே வந்திருந்தார்கள். செல்வியும் வந்திருந்தாள்.  தூக்கும்போது கூட்டத்தை விலக்கி முன்னால் வந்து, பாடையின் ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். பெண்கள் தொடக்கூடாது என்று ஒருவர் சொன்னார். செல்வி அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒதுங்கிக்கொண்டார். தெருமுனைவரை அவள் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

சென்னைக்குத் திரும்பிய அடுத்த வாரம் ஒரு கூட்டம். இப்போது நான் வேலை பார்க்கும் கம்பெனி, ஆலைகளின் பாய்லர்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் எழுதுகிறது. அழுத்தம் கூடினால் தானாக நிற்கும். வந்திருந்த வாடிக்கையாளர் நல்ல மனிதர், படித்தவர். உற்பத்தி பாதிக்கப்படுகிறது, அவசரத்துக்குத் தங்கள் அதிகாரி ஒருவர் அந்தத் தடையைத் தாண்டிப் போகும்படி ஒரு வழி வைத்துக் கொடுங்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்டார். என் மேலதிகாரி என்னைப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் நான் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. யாருக்கும் முகம் சுளிக்காதவன் என்றுதான் எனக்குப் பெயர்.

“முடியாது” என்றேன். வேறு ஏற்பாடு எதையாவது யோசிக்கலாமே என்றார் மேலதிகாரி. “தந்திரமெல்லாம் வேண்டாம். முடியாதுன்னா முடியாது” என்றேன். என் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நல்ல மனிதரின் சட்டைக் காலரை நோக்கி என் கை நீண்டிருந்தது. அதை நானே பார்த்து, இறக்கி, மேஜையில் வைத்தேன்.

அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கோபம். இத்தனை வருடம் அவள் பக்கத்தில் இருந்தபோது வராமல், அவள் போன பிறகு வந்திருக்கிறது. வேலை போகலாம். அன்று மாலை மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். சத்தம் போட்டதற்கு எழுதிக் கொடுத்தேன். முடியாது என்று சொன்னதற்கு எழுதவில்லை.